ஆங்கிலத்தில் பிறக்காத எந்தச் சொல்லும்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, பிறகு ஒரு லாரி வாங்கி, பிறகு நாற்பது லாரி வாங்கி, அத்தனையையும் நிறுத்துவதற்காகப் பெரம்பலூர் சாலையில் இருபத்திரண்டு ஏக்கர் வளைத்துப் போட்டு, லாரிகள் விற்ற பின் சும்மா கிடக்கிறதே என்று அதில் ஒரு கலை அறிவியல் கல்லூரி கட்டியவர் சிங்காரவேலு. லாரிகளுக்கு எடை போடும் மேடை இருந்த இடத்தில் இப்போது நிர்வாகக் கட்டடம் நிற்கிறது. அவருக்குக் கரஸ்பாண்டென்ட் என்று பதவி. யாருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

போன வருடம் கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பெண் வீட்டார் நடத்தும் கல்லூரியில் தோட்டக்காரர்கூட ஆங்கிலம் பேசுவதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஊர் திரும்பிய மறுநாள், கல்லூரிக்குள் யாரும் தமிழ் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை அடிக்கச் சொன்னார். அவருடைய வக்கீல்தான் தடுத்தார்.

"அண்ணே, தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு தமிழ் கூடாதுன்னு காயிதத்துல எழுதுனா, விடிஞ்சா கேட்டுல நாலு கலர்ல கொடி நிக்கும். தமிழ்ங்கிற பேரே வரக் கூடாது. சுத்தி வளைச்சு எழுதுவோம்."

சுற்றி வளைத்து எழுதினார்கள். ஆங்கிலத்தில் பிறக்காத எந்தச் சொல்லும் இங்கே கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழைப் பற்றி அதில் மூச்சே இல்லை. எந்தக் கட்சிக்காரர் வந்து படித்தாலும் தலையாட்டிவிட்டுப் போகலாம். அதைப் பித்தளை எழுத்தில் பொறித்து மாடிப்படிக்கு மேல் மாட்டினார்கள். சிங்காரவேலு அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

விதியைக் காக்க மொழி ஒழுங்குக் கமிட்டி அமைந்தது. தலைவர் சிங்காரவேலு. ஆங்கிலத் துறைத் தலைவி பரிமளா நிபுணர். உடற்கல்வி இயக்குநர் திருமுருகனும் அவர் பொறுக்கிய மாணவர்களும் பறக்கும் படை. பதிவேடு எழுதுவதற்கு ஆபீஸ் சூப்பிரண்டு அரியமுத்து. தவறிப் பேசியவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. மூன்று சீட்டு சேர்ந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. ஆனால் கமிட்டி கருணை இல்லாததில்லை. மற்றவர்கள் செய்த பத்துக் குற்றங்களைப் பிடித்துக் கொடுத்தால், பிடித்தவருடைய சீட்டுகள் ரத்தாகும். இதை அன்புத் திட்டம் என்று அழைத்தார்கள்.

வரதராஜன்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் மரிய ஆல்பர்ட், பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. அவன் முதல் சீட்டை கேன்டீனில் சாம்பார்வாளிக்கு முன்னால் "இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லி வாங்கினான். இரண்டாவது சீட்டு, போனில். முந்திரி உடைக்கப் போன இடத்திலிருந்து அம்மா தெரசம்மாள் சாப்பிட்டாயா என்று கேட்டாள். இவன் "ம்" என்றான். அந்த ம் தமிழ் ம்தான் என்றும் ஆங்கிலேயர்களின் ம் மூக்கிலிருந்து வரும் என்றும் பரிமளா எழுத்துமூலம் கருத்துத் தெரிவித்தார்.

மூன்றாவது சீட்டுக்குக் காரணம் பித்தளைப் பலகை. ஒரு திங்கட்கிழமை, ஒரு பக்கத்துத் திருகாணி கழன்று, மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த ஆல்பர்ட்டின் வலது காலில் அது விழுந்தது. "ஐயோ" என்றான். பலகையைத் தூக்கி நிறுத்த நாலு பேர் ஓடி வந்தார்கள். அவனைத் தூக்கி நிறுத்தத் திருமுருகன் வந்தார், கையில் சீட்டுப் புத்தகத்தோடு.

பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஏழு நாள் இருந்தது. முதல் தாள் ஆங்கில மொழி வரலாறு. இந்தத் தேர்வு எழுதாவிட்டால் அந்த வருடமே போய்விடும். அம்மாவின் விரல் நுனிகள் முந்திரிக்கொட்டை கக்கும் பாலில் தோலுரிந்து கிடப்பதைத் தினமும் பார்ப்பவன், இன்னொரு வருடம் என்று அவளிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தபடியே விசாரணைக்குப் போனான்.

கமிட்டி அறையின் கதவைச் சாத்தினார்கள். கதவு சாத்தியிருந்தால் உள்ளே விதி செல்லாது என்று ஒரு துணைவிதி உண்டு. கரஸ்பாண்டென்ட்டுக்கு ஆங்கிலம் புரியாது என்பதை அந்தத் துணைவிதியில் எழுதவில்லை.

"ஏம்ப்பா, கால்ல ஒண்ணு விழுந்தா இங்கிலீஷ்ல 'அவுச்'னு சொல்லப் பழகிக்க வேணாமா?" என்றார் பரிமளா. "ரெண்டு வருஷமா எங்கிட்ட படிக்கிற."

"வலிச்சுது மேடம்."

"வலிக்கிறப்பதான் ஒருத்தனோட டிசிப்ளின் தெரியும்" என்றார் திருமுருகன்.

ஆல்பர்ட் போனை எடுத்து நீட்டினான். இங்கிலாந்தில் வெளியாகும் பெரிய அகராதி ஒன்று 'ஐயோ'வைச் சில வருடங்களுக்கு முன்பே ஆங்கிலச் சொல்லாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. பரிமளா கண்ணாடியை ஏற்றிப் படித்தார். முகம் சற்று மாறியது. போன் சிங்காரவேலுவின் கைக்குப் போனது. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தபடி யோசித்தார்.

"அகராதில இருந்தா ஆச்சா?" என்றார். "எந்தெரு கடைசி வூட்ல இருபது வருஷமா ஒருத்தன் வாடகைக்கு இருக்கான். ரேசன் கார்டுல எந்தெருதான். அதுக்காவ அவன் எங்க பங்காளி ஆயிடுவானா? வந்து சேந்தவன் வேற, பொறந்தவன் வேற. எந்த வார்த்தையா இருந்தாலும் பூர்வீகம் பாக்கணும். அரியமுத்து, இதை எழுதுய்யா."

அரியமுத்து எழுதினார். அவர் இந்தக் கல்லூரி எடை மேடையாக இருந்த காலத்திலேயே இங்கே குமாஸ்தா. மேடையில் ஏறியது முதலாளியின் லாரியாக இருந்தாலும், முதலாளியின் மாமனாராக இருந்தாலும், முள் காட்டியதை எழுதுவார். அந்தக் கை இன்னும் அப்படியே இருந்தது.

"சார், அதுல எனக்கு ஒரு நகல் வேணும்" என்றான் ஆல்பர்ட். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது. பயந்தவர்கள் எதற்கும் ஒரு நகல் கேட்பார்கள்.

"குடுய்யா. படிச்சுத் திருந்தட்டும்" என்றார் சிங்காரவேலு. "தம்பி, உனக்கு ஹால் டிக்கெட் வேணும்னா வழி இருக்கு. பத்தைப் புடிச்சுக் குடு. உங்கூட ஒரு பொண்ணு சுத்துதே அரும்பாவூர்க்காரி, அது வாயிலயே பாதி தேறும்."

அந்த அரும்பாவூர்க்காரி மணிமொழி. இப்படிப் பெயர் வைத்துக்கொண்டு இந்தக் கல்லூரிக்குள் வருவதே ஒரு குற்றம் என்று திருமுருகன் அவளிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். கேட்டுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு மொத்தக் கல்லூரியும் அங்கே வந்துதான் அன்றைய பேச்சைப் பேசி முடிக்கும்.

"என்னையப் போட்டுக் குடுத்துராதடா. எனக்கே ரெண்டு இருக்கு."

"ஒன்னையப் போட்டுக் குடுத்து நான் பாஸாயி என்ன கலெக்டர் ஆவப் போறனா?"

"ஆவ மாட்ட. சொல்ல முடியாது, ஆனாலும் ஆயிருவ, மூஞ்சி அப்படி இருக்கு." அவள் அவன் மடியிலிருந்த நோட்டைப் பிடுங்கினாள். "ஹால் டிக்கெட்டே இல்ல, எதுக்கு இதைப் படிச்சிக்கிட்டு."

பரிமளா சொல்லச் சொல்ல எழுதிய நோட்டு. பாடம் இரண்டு. ஆங்கிலத்தின் பெருமையே அது எல்லா மொழிக்கும் கதவைத் திறந்து வைத்ததுதான். வடக்கிலிருந்து கப்பலில் வந்த கொள்ளையர்களிடம் முட்டைக்கும் வானத்துக்கும் சன்னலுக்கும் பெயர் வாங்கியது. பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வந்து அரண்மனை, நீதிமன்றம், சமையலறை மூன்றிலும் தன் சொற்களை வைத்துவிட்டுப் போனான். பாதிரிமாரும் பண்டிதர்களும் லத்தீனைக் கொட்டினார்கள். சர்க்கரையும் காபியும் அரபிக்காரர்கள் வழி வந்தன. கறியும் கட்டுமரமும் நம்முடையவை. பரிமளா இந்த இடத்தில் குரல் தழுதழுத்து, உலகையே அணைத்துக்கொண்ட மொழி என்று சொல்லியிருந்தார். அதையும் ஆல்பர்ட் எழுதியிருந்தான்.

மணிமொழி படிப்பதை நிறுத்தினாள். "காலைல திருமுருகன் சாரு நம்ம கிளாஸ்ல வந்து என்ன கத்துனாரு?"

"க்ளோஸ் த விண்டோ."

"விண்டோ கப்பல்ல வந்தவன்து." போனில் தேடினாள். "க்ளோஸ், பிரெஞ்சுக்காரன்து. மூணு வார்த்தைல ரெண்டுக்குப் பூர்வீகம் வெளியூரு."

ஆல்பர்ட் சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்தான். எந்த வார்த்தையா இருந்தாலும் பூர்வீகம் பாக்கணும். கீழே சிங்காரவேலுவின் கையெழுத்து. டீ ஆறிப்போனது. இருவரும் 'அவுச்' எங்கே பிறந்தது என்று தேடினார்கள். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் கொண்டுபோனது என்று வந்தது.

"என் கால்ல விழுந்துச்சுல்ல ஒரு போர்டு" என்றான் ஆல்பர்ட். "அதை முதல்ல பாப்போம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸில் புகார் கொடுத்தான். பித்தளைப் பலகையிலுள்ள ஒரே வாக்கியத்தில் 'ஒரிஜின்', 'ஸ்ட்ரிக்ட்லி', 'ப்ரொஹிபிட்டட்' ஆகிய மூன்றும் லத்தீன் வழி வந்தவை, மூன்று குற்றம். திருமுருகன் அவர்களின் சன்னல் கட்டளையில் இரண்டு. பரிமளா அவர்கள் தினமும் வகுப்பில் நுழைந்ததும் "சைலன்ஸ் ப்ளீஸ்" என்கிறார், இரண்டும் பிரெஞ்சு. ஆக ஏழு.

அரியமுத்து புகாரை இரண்டு முறை படித்தார். தடுப்பார் என்று நினைத்தான். அவர் பேனாவைத் திறந்தார். பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி, "ரிஜிஸ்டர். சிக்னேச்சர்" என்றார்.

ஆல்பர்ட் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "சார், தப்பா நெனைக்காதீங்க. ரிஜிஸ்டரு, சிக்னேச்சரு, ரெண்டும் லத்தீன்."

அரியமுத்து அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பதிவேட்டில் தன் பெயரைத் தெளிவாக எழுதி, நேரே இரண்டு என்று போட்டார். "முள்ளு காட்டுனதைத்தானே எழுதணும்" என்று முணுமுணுத்தார். அதற்கும் ஒரு சீட்டு இருந்தது. ஆனால் கதவு சாத்தியிருந்தது.

ஒன்பது ஆயிற்று. ஒன்று பாக்கி.

கமிட்டி அவசரமாகக் கூடியது. புகார்களைக் கிழித்துப் போடச் சொன்னார் திருமுருகன். எண் போட்ட பதிவேட்டில் ஏறிவிட்டது, பக்கம் கிழிக்க முடியாது என்றார் அரியமுத்து. விதியையே கைவிடலாம் என்றார் பரிமளா. அதுவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. இந்தியாவிலேயே முதன்முறையாக மொழித் தூய்மை காக்கும் கல்லூரி என்று விண்ணப்பத்தில் எழுதி அனுப்பியாகிவிட்டது. குழு பதிவேட்டைப் பார்க்கும்.

"அப்ப ஒண்ணு பண்ணுவோம்" என்றார் சிங்காரவேலு. "வெள்ளிக்கெழம வரைக்கும் ஒருத்தரும் பூர்வீகம் இல்லாத வார்த்தை பேசக் கூடாது. அந்தப் பயலுக்குப் பத்தாவது கெடைக்கவே கூடாது. திங்கக்கெழம பரீட்சை தொடங்கிரும், அப்பறம் அவன் யாரு நாம யாரு."

அப்படித்தான் கல்லூரி சுத்தமானது. 'சார்' பிரெஞ்சு, 'மேடம்' பிரெஞ்சு. மரியாதைக்கு ஆங்கிலத்தில் பிறந்த சொல் வேண்டுமே என்று பரிமளா ஓர் இரவு முழுக்கத் தேடி 'லார்ட்', 'லேடி' இரண்டையும் கண்டெடுத்தார். மறுநாள் முதல் திருமுருகனைப் பார்த்து மாணவர்கள் "குட் மார்னிங் லார்ட்" என்றார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. பதில் சொல்லத்தான் பயமாக இருந்தது. விசிலை மட்டும் ஊதினார். விசில் பழைய ஆங்கிலம், சுத்தமானது. கேன்டீன் 'ஃபுட் ஹவுஸ்' ஆனது. டீ சீனாவிலிருந்தும் காபி அரபு நாட்டிலிருந்தும் வந்தவை என்பதால் இரண்டையும் 'ஹாட் லீஃப் வாட்டர்', 'ஹாட் பீன் வாட்டர்' என்று கேட்க வேண்டியிருந்தது. இட்லியை விரலால் காட்டினார்கள். பறக்கும் படை மாணவர்கள் தங்கள் பழைய சீட்டுகளை ரத்து செய்ய ஒருவரையொருவர் பிடித்துக் கொடுத்தார்கள். புதன்கிழமை மாலைக்குள் படை முழுவதும் பதிவேட்டில் ஏறிவிட்டது. 'காலேஜ்' என்ற சொல்லே லத்தீன் என்பதால் முன்வாசல் பெயர்ப்பலகையில் துணி கட்டினார்கள். கரஸ்பாண்டென்ட் அறையின் கதவிலும் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. எவ்வளவு தேடியும் பொருத்தமாக ஒரே ஒரு சொல்தான் கிடைத்தது. பெயின்டர் வந்து 'ஓனர்' என்று எழுதிவிட்டுப் போனார்.

கூடப் படிப்பவர்களைப் பிடித்துக் கொடுக்க மனமில்லாத ஆல்பர்ட்டுக்குப் பத்தாவது கிடைக்கவில்லை. செவ்வாய் போனது, புதன் போனது. வியாழக்கிழமை அவன் பரிமளாவின் பின்னாலேயே மூன்று மணி நேரம் நடந்தான். அவர் வாயைக் கைக்குட்டையால் மூடியபடி கழிவறைக்குள் போய்விட்டார். அன்று மாலை அம்மா போனில் கேட்டாள், "பரீட்சைக்கு என்னக்கி வரணும்னு சீட்டு குடுத்தாச்சா சாமி?" கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேசினான். ஆனாலும் அவனால் ம் கொட்ட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. டெல்லிக்காரர் ஒருவர் தலைவர், உடன் இருவர். 'ஆடிட்டோரியம்' லத்தீனாகிவிட்டதால் 'பிக் ஹால்' என்று எழுதிய அரங்கில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். மேடையோரத்தில் அரியமுத்து பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். சிங்காரவேலு வரவேற்புரை படிக்க எழுந்தார். உரையைப் பரிமளா தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆங்கில ஒலியை அப்படியே படித்தால் போதும், பொருள் தெரிய வேண்டியதில்லை.

அந்த உரையின் முதல் வடிவில் விஷன் இருந்தது, மிஷன் இருந்தது, எக்ஸலன்ஸ் பதினோரு இடத்தில் இருந்தது. அனைத்தும் லத்தீன். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அதே பொருளுக்கு ஆங்கிலத்தில் பிறந்த சொற்களைப் போட்டிருந்தார் பரிமளா. ஆங்கிலத்தில் பிறந்த சொற்களுக்கு ஒரு குறை உண்டு. அவை கல், மண், பால், பூட்டு என்று கைக்கு எட்டியதை மட்டும் சொல்லும். பூசி மெழுகுவதற்கு அந்த மொழி வெளியூரிலிருந்துதான் ஆள் பிடித்து வந்திருக்கிறது. 'சிக்கன நோக்குடன் கூடிய மனிதவள மேலாண்மை' என்பதை உள்ளூர்ச் சொற்களில் எழுதினால் 'ஆசிரியர்களுக்குக் கொஞ்சமாகக் கொடுத்து நிறைய வேலை வாங்குகிறோம்' என்றுதான் வரும். பரிமளா விடியற்காலை வரை போராடிப் பார்த்தார். வேறு மாதிரி வரவில்லை.

சிங்காரவேலு கணீரென்ற குரலில் ஆங்கிலத்தில் படித்ததன் பொருள் இதுதான்:

"வந்தவர்களே, வாழ்க. நான் இந்த வீட்டின் ஓனர். முன்பு நான் கல் ஏற்றினேன். இப்போது இளையவர்களை ஏற்றுகிறேன். கல் பேசாது. இவர்கள் பேசினார்கள். ஆகவே இவர்கள் வாயைப் பூட்டினேன். எங்கள் புத்தக அறையும் பூட்டியே இருக்கிறது. அதனால் எல்லாப் புத்தகங்களும் புதிதாக இருக்கின்றன. எங்கள் ஆசிரியர்களுக்குக் கொஞ்சமாகக் கொடுத்து நிறைய வேலை வாங்குகிறோம். இவ்வளவும் என் மகனுக்காகவும் என் மகளுக்காகவும் செய்தேன். அவர்கள் இங்கே படிக்கவில்லை."

கைதட்டச் சொல்லி முன்கூட்டியே பழக்கியிருந்ததால் மாணவர்கள் நீண்ட நேரம் கைதட்டினார்கள். சிங்காரவேலு வணங்கினார். குழுத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டு உறுதி செய்துகொண்டு, இவ்வளவு நேர்மையான உரையை இருபது வருடத்தில் கேட்டதில்லை என்றும், அந்தப் பூட்டிய அறையை இப்போதே பார்க்க விரும்புவதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார்.

சிங்காரவேலு சிரித்துக்கொண்டே பரிமளாவின் பக்கம் சாய்ந்தார். "என்னம்மா சொல்றாரு?"

மைக் அணைக்கப்படவில்லை. குரல் அரங்கின் நான்கு மூலையிலும் கேட்டது.

பரிமளா அவர் காதில் சொன்னார். கேட்கக் கேட்க சிங்காரவேலுவின் முகம் சிமென்ட் நிறத்துக்கு மாறியது. "என்னத்தம்மா எழுதிக் குடுத்த?" என்றார், மைக்கிலேயே. "இதுக்கா ஒனக்கு மாசாமாசம் அளக்குறேன்?"

நடு வரிசையிலிருந்து ஆல்பர்ட் எழுந்தான். பக்கத்திலிருந்த மணிமொழி அவன் முதுகில் கைவைத்து மேடைப் பக்கம் தள்ளினாள். போனான். அரியமுத்து பதிவேட்டை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்.

"எத்தனைன்னு போடட்டும்?" என்று அவன் காதோடு கேட்டார் அரியமுத்து.

"ஒண்ணு போதுங்க."

"மூணு வாக்கியம்டா. கொறைச்சு எழுதுனா எடை தப்பாயிடும்." முழுவதையும் எழுதி, சிங்காரவேலுவிடம் கையெழுத்துக்கு நீட்டினார். டெல்லிக்காரர் ஆர்வமாக எழுந்து வந்து என்னவென்று கேட்டார். அரியமுத்து பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக் காட்டினார். காலில் பலகை விழுந்த பக்கத்தில் குழுத் தலைவர் வெகுநேரம் நின்றார். அதன் புகைப்படத்தை எடுத்துக்கொண்டார்.

ஹால் டிக்கெட்டை சிங்காரவேலுவே தன் கையால் கொடுத்தார், அன்று மாலை, சாத்திய கதவுக்குள். அன்புத் திட்டத்தில் பத்துக்கு மேல் பிடித்தவனுக்கு மறுக்க வழியில்லை. பதிவேட்டின் நகல் டெல்லிக்குப் போய்விட்டது.

"தம்பி, இத்தோட விட்ரு" என்றார். "போர்டைக் கழட்டியாச்சு. ஒனக்கென்ன, ஹால் டிக்கெட் வேணும். வாங்கிக்கிட்ட. மனசுல வச்சிக்காத."

"மனசுல வச்சிக்கலிங்க" என்றான் ஆல்பர்ட்.

திங்கட்கிழமை தேர்வறைக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் திருமுருகன். பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று இருந்தது: ஆங்கிலச் சொல்வளத்தில் பிறமொழிகளின் பங்கைத் தகுந்த எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக. ஆல்பர்ட் பெருமூச்சு விட்டு, பேனாவை உதறி, தொடங்கினான். பிரெஞ்சுக்காரர்கள் தந்தவற்றுக்கு எடுத்துக்காட்டாக ஒரு கல்லூரியில் ஓர் உடற்கல்வி இயக்குநர் சன்னலைச் சாத்தச் சொன்னதை எழுதினான். பெயர், நாள், நேரத்தோடு. லத்தீனுக்கு, ஒரு பித்தளைப் பலகை. அது விழுந்த காலின் அளவு. ஜெர்மனுக்கு, ஒரு துறைத் தலைவியின் அறிவுரை. உள்ளூர்ச் சொற்களின் எளிமைக்கு, ஒரு வரவேற்புரை, வரிக்கு வரி. திருத்தப்போகும் பேராசிரியர் வேறு மாவட்டத்துக்காரர். அவர் ரசித்துப் படிப்பார் என்று தோன்றியது.

வரிசைகளுக்கிடையே நடந்து வந்த திருமுருகன் அவன் பின்னால் நின்றார். குனிந்து படித்தார்.

"டேய்" என்றார் தாழ்ந்த குரலில். "என் பேரை எதுக்குடா எழுதுற?"

"எடுத்துக்காட்டு சார். கேட்டிருக்காங்க."

"அடிச்சுருடா."

"அடிச்சா மார்க் போயிரும் சார்."

திருமுருகன் பேப்பரில் கை வைக்க முடியாது. எழுதும் விடைத்தாளைக் கண்காணிப்பாளர் தொட்டால் அது வேறொரு பதிவேட்டில் ஏறும். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தார்.

ஆல்பர்ட் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியையும் நிரப்பிவிட்டு எழுந்து நின்றான்.

"சார், கூட நாலு பேப்பர் வேணும். கட்டுறதுக்கு நூலும் எடுத்துட்டு வாங்க" என்றான், அறை முழுக்கக் கேட்கும்படி, தமிழில்.

திருமுருகன் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.